படலையால் வந்த மருமகள்

என் மாமனார் இருபத்திரண்டு வருடங்களாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கொழும்புத்துறையில் அவருடைய வீட்டுக்கும் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைத் தெருக்கள்தான். சந்தையில், கோயிலில், செத்த வீட்டில் என்று கிழமையில் இரண்டு மூன்று தடவையாவது எதிர்ப்படுவோம். என்னைக் கண்டால் சைக்கிளை மெதுவாக்கவும் மாட்டார், வேகமாக்கவும் மாட்டார். முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். நான் நிற்கிற இடத்தில் ஒரு மின்கம்பம் நிற்பதைப்போலக் கடந்து போவார்.

காரணம் இதுதான். நான் இணுவில்காரி, தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். என் கணவர் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த மகன். குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிற கராஜ் ஒன்றில் வேலை. நாங்கள் விரும்பிய விஷயம் வெளியே தெரிந்ததும் என் அம்மாவின் தமையன் இவர்களுடைய வீட்டுக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டும் உட்காரவில்லை. கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "உங்கடை ஆக்களோடை எங்களுக்குச் சரிவராது" என்று நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிட்டார். அயல் முழுவதும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றதாம்.

அன்றைக்கு மாமா, அதாவது என் மாமனார், சொன்னது எங்களுக்கும் வந்து சேர்ந்தது. "என்ரை வீட்டிலை வாய் நனைக்காத சனத்தின்ரை பிள்ளை என்ரை வாசல் மிதிக்கக் கூடாது."

நாங்கள் பதிவுத் திருமணம் செய்தோம். மகள் பிறந்ததும் என் அம்மா இறங்கி வந்தார். மாமா இறங்கவில்லை. மாமி மட்டும் பூசை முடிந்து போகிற வழியில், சேலைத் தலைப்புக்குள் மீனைச் சுற்றிக்கொண்டு வந்து தந்துவிட்டுப் போவார். மாமி செத்தபோது நான் அவர்கள் வீட்டுப் படலைக் கதவுக்கு வெளியே, ஒழுங்கையில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் என் கணவருக்கு அழைப்பு எடுத்தார். "உங்கடை அப்பா இடுப்பளவு தண்ணிக்குள்ளை நிக்கிறார், கெதியா வாரும்." போய்ப் பார்த்தால் மாமா கையில் கயிற்றோடு கடலுக்குள் நின்று தன் வள்ளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வள்ளம் விற்று ஆறு வருடம். அதற்குப் பிறகுதான் மற்றவையும் தெரியவந்தன. தண்ணீர் விடாமல் அரிசியை அடுப்பில் வைத்து எரித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார்.

கிளினிக்கில் ஒரு பெண் மருத்துவர் அவரைக் கடதாசியில் மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். அவர் வட்டத்தைக் கீறிவிட்டு, எண்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடைத்து வைத்தார். "இது மறதி நோய். மூளை மெல்ல மெல்லத் தேயிற வருத்தம், முழுசா மாத்திற மருந்தில்லை" என்றார் மருத்துவர். "தனிய விடேலாது. வீட்டிலை ஆர் பாப்பினம்?"

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், கனடாவில். நான்தான், "நான் பாப்பன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் இன்றைக்கும் நேரான பதில் வராது. இரக்கம் என்று சொன்னால் பாதி பொய். அந்தப் படலைக்குள் போக ஒரு வழி கிடைத்ததே என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. இணுவிலிலிருந்து வந்த அம்மா கேட்டார், "உன்னை வாசலிலை விடாத மனிசனுக்கோ நீ சலம், மலம் அள்ளப் போறாய்?" நான் தையல் மெஷினை ஓட்டோவில் ஏற்றினேன். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். நான் வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பவள். மெஷின் எங்கே இருந்தால் என் வேலையும் அங்கே.

முதல் நாள் அவர் கதிரையில் இருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஆர்?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"உங்கடை மருமோள், மாமா."

அவர் எழும்பினார். "எனக்கு மருமோள் இல்லை. வெளியிலை போம்!"

தன் மனைவி செத்ததை மறந்திருந்தார். வள்ளம் விற்றதை மறந்திருந்தார். இது மட்டும் மறக்கவில்லை. நான் குசினிக்குள் போய், சோற்றுப் பானையின் முன் நின்று அழுதேன். பிறகு, வாதாட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மத்தியானம் சாப்பாட்டோடு போனபோது மறுபடியும் கேட்டார்.

"நீர் ஆர்?"

"நான் இஞ்சை சமைக்க வந்திருக்கிறன், ஐயா."

"ஓ" என்று சோற்றுக் கோப்பையை வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னார். "குழம்பு நல்லாயிருக்கு. ஆனா உமக்கு மீன் வெட்டத் தெரியேல்லை." அது உண்மைதான். மரக்கறி வீட்டில் பிறந்தவள். மீன் வெட்டக் கணவரிடம் பழகியவள். அவரோ எஞ்சின் கழற்றுகிற மாதிரித்தான் மீனையும் வெட்டுவார்.

இப்படியாக நான் மாமாவின் வீட்டில் சமையற்காரி ஆனேன். ஏழு எட்டு மாதம் அந்த வேலை போனது. மானம் கெட்டதாக ஒருநாளும் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன். அவர் இடுப்பில் கட்டிய சறத்தை நனைத்துவிட்டு என்னைத் திட்டிய நாட்களில் கூடுதலாக நினைத்தேன்.

பெரிய சண்டை குளிப்பதில் வந்தது. மாமா குளிக்க மறுத்தார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள். என் கணவர் பிடித்து இழுத்தார். அவர் மகனின் கன்னத்தில் அறைந்தார். ஐம்பது வயதுக் கணவர் கிணற்றடியில் நின்று சின்னப் பிள்ளையைப்போல விம்மினார். நான் சவர்க்காரத்தைக் காட்டினேன், புதுத் துவாய் காட்டினேன், சுடுதண்ணீர் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே காரியத்தைத்தான் செய்தார். முழங்கைக்குக் கீழே விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "உப்பில்லையே. பேந்து என்னத்துக்குக் குளிக்கிறது?"

அதை நான் அர்த்தமில்லாத பேச்சு என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலை, பால் வாங்கப் போகிற வழியில் கரைக்கு வந்த வள்ளம் ஒன்றைக் கண்டேன். அதிலிருந்து இறங்கியவர்கள் வலையை இறக்கி வைத்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய் உப்புப் போகக் கை கால் கழுவினார்கள். நான் பாலை மறந்து அப்படியே நின்றேன். மாமா பொய் சொல்லவில்லை. ஐம்பது வருடம் கடலுக்குப் போன மனிதர் அவர். அவருக்குக் குளிப்பு என்றால் உப்புக் கழுவுவது. உப்பில்லாத உடம்பை எதற்குக் கழுவ வேண்டும்?

வீட்டுக்கு ஓடிப்போய் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பவும் கரைக்கு வந்தேன். கடல் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு போய், கிணற்றடிக் கல்லில் அவரை இருத்தி, காலில் ஊற்றினேன். பிறகு கையில். பிறகு தோளில். அவர் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார். விரலால் தடவினார். நாக்கில் வைத்தார்.

"சீ, உடம்பெல்லாம் உப்பு. நல்ல தண்ணி கொண்டாரும்! சவுக்காரம் எங்கை?"

நான் கிணற்றில் அள்ள அள்ள அவர் தானே முதுகைத் தேய்த்தார், தானே தலையில் ஊற்றினார். அரை மணித்தியாலம் குளித்தார். காதுக்குப் பின்னாலும் கழுவினார். நான் நனைந்த சட்டையோடு கராஜுக்கு அழைப்பு எடுத்தேன். "இஞ்சாரப்பா, குளிச்சிட்டார்!" என்று கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். மறுமுனையில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் என் கணவரும் கத்தினார்.

அதற்குப் பிறகு வீடு மாறியது. நான் அவரை என் வழிக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, அவர் எந்த வழியில் நிற்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். விடிய எழும்பிக் கயிறு தேடினால் கயிற்றைக் கொடுத்தேன். கதிரையில் இருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். கடலுக்குப் போக வேண்டும் என்றால், "இண்டைக்குக் காத்துப் பலமாம், ஐயா" என்பேன். வானத்தைப் பார்த்து, "ஓம், ஓம்" என்று ஒத்துக்கொள்வார். எல்லா நாளும் இப்படிச் சுலபமாகப் போகவில்லை. ஒரு நாள் என் கையைக் கடித்தார். இன்னொரு நாள் மூன்று தடவை படுக்கை மாற்றினேன். ஆனால் தோற்றுப்போனேன் என்ற எண்ணம் மட்டும் பிறகு வரவில்லை.

இனிச் சொல்லப்போவது ஒரு பின்னேரம் நடந்தது. நான் மெஷினில் இருந்து பாடசாலைச் சட்டை ஒன்றுக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன். மாமா எதிரில் கதிரையில் இருந்தார்.

"இஞ்சரும்."

"சொல்லுங்கோ, ஐயா."

"உமக்கு இணுவில் தெரியுமோ?"

என் கால் மெஷின் பலகையில் அப்படியே நின்றது. "ஓம், தெரியும்."

"என்ரை மூத்தவன் அங்கை ஒரு பிள்ளையைக் கட்டினவன். நான் அந்தப் பிள்ளையோடை கதைக்கிறேல்லை."

"ஏன் ஐயா?"

அவர் வெளியே முற்றத்தைப் பார்த்தார். கேள்வியை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"முதல்லை கோவம். அவையின்ரை ஆள் ஒருத்தன் வந்து என்ரை முத்தத்திலை நிண்டு… உமக்கு விளங்காது. பேந்து அந்தக் கோவம் போட்டுது. அது போய்க் கனகாலம்."

"அப்ப கதைச்சிருக்கலாமே?"

"என்னெண்டு தொடங்கிறது? றோட்டிலை காணேக்குள்ளை நெஞ்சு இடிக்கும். இண்டைக்குக் கதைப்பம் எண்டு நினைப்பன். கிட்ட வர வாய் வராது. சைக்கிள் அங்காலை போயிடும்."

நான் கொலரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைக் கடந்து போன அந்தச் சைக்கிளை எத்தனை நூறு தடவை வெறுத்திருப்பேன்! அதை ஓட்டிப் போனவரின் நெஞ்சு இடித்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

"அவளுக்கு என்னிலை சரியான கோவமாயிருக்கும்" என்றார்.

"இல்லை ஐயா. இப்ப அவவுக்குக் கோவமில்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு அவவை நல்லாத் தெரியும்."

அவர் முன்னால் சாய்ந்தார். "அப்ப ஒருக்கா வரச்சொல்லும். இண்டைக்கே வரச்சொல்லும். நான் மறந்துபோடுவன்."

நான் எழும்பி அறைக்குள் போனேன். வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, மகளின் பட்டமளிப்புக்கு உடுப்பதற்கென்று வைத்திருந்த நீலச் சேலையை உடுத்தேன். தலை வாரினேன். குசினிக் கதவால் வெளியேறி, வேலியோரமாகச் சுற்றி ஒழுங்கைக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எங்கை வெளிக்கிட்டிட்டீர்?"

"உங்கடை அப்பா என்னைக் கூப்பிட்டவர். வந்திருக்கிறன்."

அவருக்கு விளங்கவில்லை. நான் படலையைத் திறந்தேன். எட்டு மாதமாக அந்தப் படலையால் குப்பை கொண்டுபோயிருக்கிறேன், மீன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதன் வழியே மருமகளாய் உள்ளே போனேன்.

மாமா கதிரையை விட்டு எழும்பி நின்றார். நான் போய் வருவதற்குள் சேட் ஒன்றைத் தேடிப் போட்டிருந்தார், தெறிகள் துளை மாறிப் பூட்டியிருந்தன. என் முகத்தைப் பார்த்தார். காலையில் அவருக்குப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்த முகம் என்று தெரியவில்லை. ஆனால் நான் யார் என்று தெரிந்தது.

"மாமா, நான் இணுவிலிலையிருந்து…"

"தெரியும், தெரியும். வா பிள்ளை. வெளியிலை நிக்காதை, உள்ளை வா."

என் கணவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடியே ஒழுங்கையில் நின்றார். மாமா தன் கதிரையை எனக்கு இழுத்து வைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இஞ்சரும்! என்ரை மருமோள் வந்திருக்கிறா. நல்ல தேத்தண்ணி ஒண்டு போடும்!"

குசினியிலிருந்து பதில் வரவில்லை. அவர் இரண்டாம் முறையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து இரகசியமாகச் சொன்னார். "நல்ல மனிசிதான். ஆனா தேவையான நேரத்திலை ஆளைக் காணேலாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. "நான் போடுறன், மாமா" என்று எழும்பினேன். மூன்று பேரும் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். படிப்பு, சாப்பாடு, அம்மாவின் சுகம் எல்லாம் விசாரித்தார். நான் சொன்னவை எதுவும் அவரிடம் தங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன், இரண்டாம் தடவை இன்னும் சந்தோஷமாக.

அடுத்த நாள் காலை, "நீர் ஆர்?" என்றார்.

பயந்துகொண்டுதான் சொன்னேன். "உங்கடை மருமோள், மாமா."

"சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கோபம் திரும்பி வரவே இல்லை. சொன்னது மறந்தாலும் சொல்லிவிட்ட ஆறுதல் அவருக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டேன். "அப்பிடி இருக்கும், உணர்ச்சி கடைசி வரைக்கும் நிக்கும்" என்றார். எனக்கு அதுவே போதும்.

அதற்கு அடுத்த ஆடி மாதம் கனடாவிலிருந்து மச்சாள் வந்தார், என் கணவரின் தங்கச்சி. வந்த மூன்றாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மச்சாள், நீங்கள் எவ்வளவு காலத்துக்கு இப்பிடிக் கிடந்து மாயிறது? எனக்குக் குற்றமாயிருக்கு. முதியோர் இல்லம் ஒண்டு பாத்து வைச்சிட்டன். தனி அறை, நேர்ஸ்மார் இருக்கினம்."

அவர் கெட்டெண்ணத்தில் சொல்லவில்லை. சில வீடுகளுக்கு அதுதான் சரியான வழி என்றும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்கு இன்னும் அந்த நேரம் வரவில்லை. "ஒரு கிழமை என்னோடை சேந்து பாருங்கோ. பேந்து நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்" என்றேன்.

முதல் நாள் மச்சாள், "அப்பா, நான் உங்கடை மகள், என்னைத் தெரியேல்லையோ?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். மாமா பயந்து கோப்பையை எறிந்தார். இரண்டாம் நாள் மச்சாள் கேட்பதை நிறுத்தினார். நாலாம் நாள் காலை வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே கரைக்குப் போனார். ரொறன்ரோவில் வங்கியில் வேலை செய்கிறவர், விலையான பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கடல் தண்ணீர் அள்ளி வந்தார். காலில் ஊற்றியதும் மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?"

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நல்ல பாடு, அப்பா. வள்ளம் நிறையத் திரளி மீன்."

"அப்ப சரி" என்று மாமா தலையை நீட்டிக் கொடுத்தார். மச்சாள் அவருக்குத் தலை முழுக வார்த்துவிட்டு, தலை முதல் கால் வரை நனைந்து, சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிப் பிடித்தார். அன்று பின்னேரமே முதியோர் இல்லத்துக்கு அழைப்பு எடுத்து வேண்டாம் என்றார். அதோடு விடவில்லை. கிழமையில் இரண்டு நாள் வந்து மாமாவைப் பார்க்க ஒரு அனுபவமான பெண்ணை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை.

இப்போது மாமா குறைவாகத்தான் பேசுகிறார். நடை தளர்ந்துவிட்டது. போன மாரியில் நெஞ்சுச் சளி பிடித்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வரமாட்டார் என்று அயலில் கதைத்தார்கள். வந்தார். உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. கிளினிக்கில் தாதி அவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர் பாக்கிறது?" என்று கேட்டபோது நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில் கூட அவ்வளவு உயர உயர்த்தியிருக்க மாட்டேன்.

சென்ற மாதம் மருத்துவர் என்னை ஒரு காரியம் கேட்டார். கிளினிக்குக்கு வந்திருக்கிற மற்றக் குடும்பங்களோடு கொஞ்ச நேரம் கதைக்க முடியுமா என்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், பதின்மூன்று பேருக்கு முன்னால் எழும்பி நின்றேன். உடுப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர், தன் மனைவி தோட்டத்துப் பக்கம் ஓடி ஓடிப் போகிறார், கதவைப் பூட்டினால் அழுகிறார் என்றார். "அங்கை என்ன செய்யிறவ?" என்று கேட்டேன். அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. பிடித்து இழுத்து வருவதிலேயே இருந்திருக்கிறார். "நாளைக்குப் பிடிக்காமல் பின்னாலை போய்ப் பாருங்கோ" என்றேன்.

மூன்று நாள் கழித்து அழைப்பு வந்தது. "தங்கச்சி, மனிசி வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறப் போறா. நானும் மண்வெட்டியோடை போனன். தண்ணி மாறிப்போட்டுத் தானா வீட்டை வந்திட்டா!" அவர் குரலில் இருந்த பெருமையை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

அந்தச் சந்தோஷத்தில் அன்று பின்னேரம் மாமாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் கணவரும் பட்டணத்தில் ஐஸ்கிறீம் சாப்பிடப் போனோம். கடை நிறையச் சனம். மூன்று கிண்ணம் வந்தது. மாமா யாரையும் பார்க்காமல், முகம் முழுக்கப் பூசிக்கொண்டு தன்னுடையதை முடித்தார். கரண்டியை நக்கினார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, நான் பாதி சாப்பிட்டிருந்த என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு நாளாக வாய் திறக்காத மனிதர், ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, நீ இன்னொண்டு எடு."